குசினிக்குள் ஒல்லாந்து

கண்டி வாவிக்கு மேலே, லொறி ஏறாத மேட்டில் இராஜரத்தினம் ஐயாவின் வீடு. வீதியிலிருந்து தொண்ணூற்றிரண்டு படி. அவற்றை எண்ணிப் பார்க்கும் பாக்கியம் சுமை தூக்குகிறவனுக்குத்தான் வாய்க்கும். தளபாடக் கடையில் கூலிக்கு நிற்கும் ஹந்தானைத் தோட்டத்து இருளப்பனுக்கு அது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாய்த்தது.

முதுகில் ஒல்லாந்துக்காரன் வடிவமைத்த சோபா. மறுமுனையில் லொறிக்காரன் பாரூக். தேவையில்லாத எதுவும் இல்லாததுதான் இதன் அழகு என்று கடையில் விற்பனைக்கு நிற்கும் டிலானி எல்லோரிடமும் சொல்லுவாள். கழற்றுகிற ஆணியும் தேவையில்லை என்று அந்த ஒல்லாந்துக்காரன் தீர்மானித்திருந்தான். கால் கழலாது, கை கழலாது, ஒரே உடம்பு. கூடவே கவிழ்த்த வாளி போல ஒரு விளக்கும், பூ வைக்க இடமில்லாத ஒரு பூச்சாடியும் வந்திருந்தன. அவை ஏற்கெனவே மேலே போய்ச் சேர்ந்து சுகமாக இருந்தன.

இராஜரத்தினம் ஓய்வுபெற்ற நில அளவையாளர். மூன்று தரம் கடைக்கு வந்து சோபாவை அளந்தார். வரவேற்பறையை அளந்தார். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அங்குலம் காற்று நிற்கும் என்று படமும் கீறி வைத்தார். வாசலை மட்டும் அளக்கவில்லை. இத்தனை வருடம் தினமும் போய்வருகிற வாசலை யார் அளப்பார்கள்?

நிமிர்த்தினார்கள், சரித்தார்கள், தலைகீழாக்கினார்கள். நாலு விரல் அகலம் உள்ளே வர மறுத்தது. வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. ஆரத்தித் தட்டோடு ஐயாவின் மனைவி பத்மாதேவி. பத்தரைக்கு இராகுகாலம். மணி பத்து பத்து.

இருளப்பனுக்கு வேறு கவலை. ஐயா ஒப்படைப்புச் சீட்டில் கையொப்பம் வைக்கும்வரை சோபா அவன் பொறுப்பு. உள்ளே போகாவிட்டால் அதே படிகளால் அதே முதுகில் கீழே இறங்கவேண்டும். ஏறும்போதே முழங்கால் இரண்டும் கெஞ்சின.

பின்னால் சமைக்கிற குசினிப் பக்கம் இரட்டைக் கதவு இருக்கிறதே என்று பாரூக் மெல்லச் சொன்னான்.

"பின்பக்கத்தாலை கொண்டு வந்தா வீடு விளங்குமோ?" என்றார் பத்மாதேவி. "அதுவும் வெள்ளிக்கிழமை."

ஐயா கடைக்குத் தொலைபேசி எடுத்தார். ஒல்லாந்தில் வீட்டு வாசலெல்லாம் ஒடுக்கம், கப்பி கட்டி மேல்யன்னலால்தான் சாமான் ஏற்றுவார்கள் என்று டிலானி விளக்கினாள். ஐயாவுக்கு முகம் மலர்ந்தது.

"அங்கை எல்லாம் யன்னலாலைதானாம், பத்மா."

"யன்னலாலை வாறது கள்ளன்."

கள்ளனுக்காகப் போட்ட இரும்புக் கம்பியும் யன்னலில் இருந்தது. ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, தேத்தண்ணி குடிக்கச் சொல்வது போல அத்தனை மென்மையாகச் சொன்னார்: "சரி, இப்ப கீழை கொண்டு போங்கோ. திங்கக்கிழமை பாப்பம்."

அதைக் காதுக்கு முன்னால் முழங்கால்கள் கேட்டன. இருளப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தான்.

"அம்மா, நெறகொடம் இருக்கிற பக்கந்தானே முன்வாசலு? கொடத்தத் தூக்கி அங்கிட்டு வச்சிட்டா, அதுதானே முன்வாசலு?"

பத்மாதேவி ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார்.

"ஐயர் மாதிரியெல்லோ கதைக்கிறீர்," என்றார். ஆனால் குடத்தைத் தூக்கிவிட்டார்.

அதன்பின் வீடே திரும்பியது. ஐயா குத்துவிளக்கோடு ஓடினார். செத்தல் மிளகாய்ச் சுளகும் காஸ் சிலிண்டரும் வழிவிட்டன. பத்து இருபத்தெட்டுக்கு ஒல்லாந்து சோபா, ஆரத்தி சுற்றப்பட்டு, பொட்டும் வைக்கப்பட்டு, குசினிக்குள் வலதுகால் வைத்தது. இருளப்பன் உடனே சீட்டை நீட்டினான். ஐயா சந்தோஷத்தில் கையொப்பத்தோடு நேரத்தையும் எழுதினார்.

பிறகுதான் குசினியிலிருந்து வரவேற்பறைக்குப் போகும் கதவைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து அளவுநாடா வெளியே வந்தது.

அந்தக் கதவை இருளப்பன் உள்ளே வந்ததுமே பார்த்திருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. சீட்டில் 'வீட்டினுள் ஒப்படைக்கப்பட்டது' என்றுதான் இருந்தது. எந்த அறை என்று இல்லை. எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்திருந்தான்.

"முன்வாசலைவிட ரெண்டு அங்குலம் குறைவு," என்றார் ஐயா. "இப்ப என்ன செய்யிறது, இருளப்பன்?"

"டிலானி மிஸ்ஸக் கேளுங்கய்யா. ஒல்லாந்துல குசினியிலதான் ஒக்காருவாங்களோ என்னவோ."

பாரூக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பத்மாதேவி அடுப்பைப் பார்த்தபடி சோபாவில் அமர்ந்து, வசதியாகத்தான் இருக்கிறது என்றார். இருளப்பன் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு, ஐயா இன்னொரு முறை அளந்து முடிப்பதற்குள் வெளியே இறங்கினான்.