அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

இருபது முகப் பகடையில் விழுந்தது பத்தொன்பது. நந்தனா நாக்குக் கூசாமல் "ஆறு" என்றாள்.

மேசையைச் சுற்றியிருந்த பிள்ளைகள் ஒன்றாக மூச்சுவிட்டார்கள். பன்னிரண்டைத் தாண்டியிருந்தால் கல்பூதத்தின் அடி விழுந்திருக்கும், அனூப் செத்திருப்பான். ஆறு என்றால் குறி தவறிவிட்டது.

"நான் சொன்னேம்லா? அவனுக்கு ஒண்ணும் ஆகாதாக்கும்!" ஜெஸ்மி இரண்டு கையாலும் மேசையைத் தட்டினாள்.

நந்தனா பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். இது நான்காவது தடவை.

கேரள எல்லையை ஒட்டிய குன்னத்துகாலில் இருந்த அந்தச் சின்ன வாசகசாலையின் மாடியில் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு இந்த விளையாட்டு நடக்கும். நந்தனாவுக்கு இருபத்துமூன்று வயது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கீழே மூலை அலமாரியிலிருந்த மொழிபெயர்ப்பு நாவல்களை ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தவள். பனியைக் கண்ணால் பார்க்காதவள், பனிக்கோட்டைகளில் குடியிருந்தாள். அந்தக் கிறுக்கில்தான் இதையும் கற்றுக்கொண்டாள். கட்டம் போட்ட தாளில் ஒரு நிலவறையை வரைந்து வருவாள். எந்த அறையில் எந்தப் பூதம், எந்தப் படியில் கால் வைத்தால் தரை விலகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ பெயர் எழுதிக்கொண்டு, வாயாலேயே கதவைத் திறந்து உள்ளே போவார்கள். வாளை வீசினேன் என்று சொன்னால் மட்டும் போதாது. பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடைதான் சொல்ல வேண்டும்.

பூதங்களுக்காக உருட்டுவது நந்தனாவின் வேலை. அவற்றின் பலம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் என்று, ஒரு பழைய அட்லஸை விரித்து நிமிர்த்தி, அந்த அட்டைக்குப் பின்னால் உருட்டுவாள். விழுந்த எண்ணை அவள் வாசிப்பாள். பிள்ளைகள் நம்புவார்கள்.

முதல் நாள் நிலவறை என்று கேட்டதுமே ஜினு, "ஸ்வர்ணம் உண்டா சேச்சி?" என்றான். தீபு தன் மந்திரவாதிக்கு மூச்சு வாங்கும் நீளத்தில் ஒரு பெயர் வைத்தான். ஜோஸ்னா வில்லாளி. பதினான்கு வயது ஜெஸ்மி யோசிக்கவே இல்லை. 'அனூப்' என்று எழுதினாள்.

அனூப் அவளுடைய அண்ணன். போன வருடம் பாறசாலை ரோட்டில் ஒரு டிப்பர் லாரி அவன் பைக்கை இடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். ஜெஸ்மியை முகம் பார்க்க விடவில்லை.

இரண்டாவது வாரமே அட்டைக்குப் பின்னால் அனூப்பின் மேல் பதினெட்டு விழுந்தது. நந்தனாவின் வாய் தானாகவே "நாலு" என்றது. பிள்ளையின் மனசுக்காக ஒரே ஒரு பொய், அதில் என்ன குற்றம் என்று அன்றைக்குத் தோன்றியது. மூன்றாவது வாரம் தீபுவின் மந்திரவாதிக்குப் பதினேழு விழுந்தது. பதினேழு என்றே வாசித்தாள். தீபு அழுகையை மறைக்க ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்; பிறகு வேறொரு வீரனின் பெயரை எழுதிக்கொண்டான். அவனுக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றவேயில்லை.

போன புதன்கிழமை ரேஷன் கடை வரிசையில் ஜெஸ்மியின் அம்மா சாராம்மா நந்தனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மக்களே, நீ செய்யியது பெரிய உபகாரமாக்கும். எனக்க பிள்ள வாய் தொறந்து பேசுதா. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஓடி வந்து, 'அம்மா, அவன் இன்னைக்கும் தப்பிச்சிட்டான்'னு சொல்லுவா. நானும் 'பெறவு?'ன்னு கேப்பேன்." குரலைத் தாழ்த்தினாள். "பைத்தியம்னு நெனச்சுக்கிடாதே. இப்போ நானும் வாசல்ல வந்து காத்து நிக்கேன்."

நந்தனா சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கைச்சூடு மணிக்கட்டிலேயே இருந்தது. ஒருத்தியிடம் சொன்ன பொய்யை இரண்டு பேர் உண்டு உயிர்வாழ்கிறார்கள்.

அப்படியிருந்தும் இன்றைக்குப் பத்தொன்பதை ஆறு என்றாள். ஆனால் இந்த முறை, மழைச்சாரல் அடித்ததால் சன்னலைச் சாத்த எழுந்த தீபு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

மற்றவர்கள் போன பிறகு மாடிப்படியில் அவன் கேட்டான்.

"அக்கா, எனக்க மந்திரவாதி செத்தப்போ என்ன விழுந்தது?"

"பதினேழு."

"உள்ளதா?"

"சத்தியமாட்டு பதினேழுலே, மக்கா."

"அத இனி நான் எப்பிடி நம்புவேன்?" அவன் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அந்த வாரம் முழுவதும் நந்தனா நிலவறையைத் திருத்தினாள். உயிர்கொடுக்கும் ஊற்று ஒன்றை வரைந்து அழித்தாள். அடிபடாத கவசம் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு, அதையும் அழித்தாள். எதை வரைந்தாலும் அது அந்தப் பழைய பொய்யாகவே இருந்தது, சட்டை மட்டும்தான் வேறு. தாள் ரப்பர் தேய்த்துத் தேய்த்து ஓட்டையானது.

ஞாயிற்றுக்கிழமை அட்லஸை மடக்கி அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு மொதல் எல்லாம் வெளியதான் உருட்டுவேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும். ஜெஸ்மி, அனூப்புக்கு விழுந்த எண்ண நான் மாத்திச் சொன்னேன்."

ஜெஸ்மி அழவில்லை. "எத்தன தடவ?"

"நாலு."

"எங்கெல்லாம்?"

நந்தனா வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். பாசிக்குளம், கயிற்றுப்பாலம், எலும்பு அறை, கடைசியாகக் கல்பூதம். ஒவ்வொரு இடத்திலும் ஜெஸ்மி பென்சிலால் ஒரு குறி போட்டாள்.

"அப்போ அவன் ரெண்டாவது வாரமே செத்துட்டான்."

"ஆமா."

"நான் அம்மகிட்ட போய்..." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அவன் பேயாட்டு வரலாமே சேச்சி? அதுக்கு ரூல் உண்டா?" என்றான் ஜினு.

"சும்மா கெடலே!" ஜோஸ்னா அவன் தொடையில் கிள்ளினாள்.

"பூதம் இப்பவும் அங்கதான நிக்கு?" என்றாள் ஜெஸ்மி. "உருட்டுங்க."

நந்தனாவின் கை எழவில்லை. ஜெஸ்மியே பகடையை எடுத்தாள். அது வெறும் மேசையில் உருண்டு, ஜினுவின் தண்ணீர்க் குப்பியில் முட்டி நின்றது. எண் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் யாரும் வாசிக்கவில்லை. நந்தனாவின் முகத்தையே பார்த்தார்கள்.

"பதினாறு" என்றாள் அவள்.

ஜெஸ்மி தன் தாளில் அனூப்பின் பெயருக்குக் குறுக்கே கோடு போடப் போய், நிறுத்தினாள். "இவன இந்தக் குழிக்குள்ள விட்டுட்டு நான் வர மாட்டேன்."

"தூக்கிட்டுப் போவோம்" என்றான் தீபு உடனே. இந்த ஆட்டத்தில் அவன் இன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை அது. "நாலு பேரு வேணும். நாங்க மூணு பேரு உண்டு."

ஜெஸ்மி புதிய தாள் ஒன்றை இழுத்து, புதிய ஆளுக்கு 'ஜெஸ்மி' என்று பெயர் எழுதினாள். அவள் எந்த வழியாக நிலவறைக்குள் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஜினு தன் தங்க மூட்டையை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தான். "இதயும் சொமந்து ஆளயும் சொமக்க ஒக்காது. போட்டும் சனியன்" என்று அதைத் தன் தாளில் கோடு போட்டு அடித்துவிட்டான்.

"திரும்புற வழி எது அக்கா?" என்றாள் ஜோஸ்னா.

நந்தனா வரைபடத்தைப் பார்த்தாள். இத்தனை அறைகள் வரைந்தவள், உள்ளே போகும் கதவுகளை மட்டும்தான் வரைந்திருந்தாள். எல்லாமே பின்னால் பூட்டிக்கொள்ளும் கதவுகள்.

"நான் வரையல."

ஜெஸ்மி பென்சிலை அவள் பக்கம் தள்ளினாள். "பின்ன, இப்போ வரையுங்க."

பிள்ளைகள் ஒவ்வொரு அடியாகக் கேட்கக் கேட்க, அவள் வரைந்துகொண்டே போனாள். இந்தப் படியில் நாலு பேர் சேர்ந்து நடக்க இடம் உண்டா? பாலம் கனம் தாங்குமா? "பதுக்க, பைய, தலையப் பாத்து" என்றான் தீபு, உண்மையிலேயே தோளில் ஏதோ இருப்பதுபோல. வெளிச்சம் தெரியும் வாசலை வரைந்து முடித்தபோது ஐந்தரை மணி.

"அம்ம வாசல்ல நிப்பா" என்றாள் ஜெஸ்மி.

"நானும் வாறேன்."

"வந்து என்ன சொல்லுவீங்க?"

ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஈரச் சருகின் மேல், இருவரும் நடந்தார்கள். மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை நந்தனா பத்து விதமாகக் கட்டிப் பார்த்தாள். பத்திலும் தான் நல்லவள் என்று ஒரு வார்த்தை எங்கேயோ ஒட்டிக்கொண்டு வந்தது.

சாராம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்னவாச்சு மக்களே? இன்னைக்கு?"

நந்தனா வாயைத் திறந்தாள். ஜெஸ்மி முந்திக்கொண்டாள்.

"தூக்கிட்டு வந்துட்டோம்மா."

சாராம்மா "பெறவு?" என்று கேட்கவில்லை. கேட்டின் கொண்டியில் வைத்த கை அப்படியே நின்றது. பிறகு மகளைத் தோளோடு சேர்த்து உள்ளே அழைத்துப் போனாள். நந்தனா ரோட்டிலேயே நின்றாள். அவளை உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாள்.