ஆட்டத்துக்கு மூன்று பேர்

ஸுபைர் தன் வானின் முன் இருக்கையைக் கழுவித் துடைத்து, மேலே ஒரு புதுத் துவாயும் விரித்து வைத்திருந்தார். மற்ற நாட்களில் அந்த இருக்கையில் ரைல்ஸ் பெட்டிகள்தான் இருக்கும். வீடுகளுக்குத் தரையில் ரைல்ஸ் பதிப்பது அவருடைய தொழில். துவாயைக் கண்டதும் கிளிபோட்டுக்கு ஏற மனம் வரவில்லை. மல்வேர்னில் தன் வீட்டு வாசலில், நவம்பர்க் குளிருக்குள், கோட்டுப் பொத்தான்களைப் பூட்டுகிறவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறினார்.

வான் புறப்பட்டதும் ஸுபைர் ஏதோ கேட்டார். கிளிபோட் தலையை முழுவதுமாக அவர் பக்கம் திருப்பி, "என்ன?" என்றார்.

"றோஸ்மேரி அக்கா எப்பிடி எண்டு கேட்டன்."

"இருக்கிறா. நேற்று முழுக்க என்னோட கதைக்கேல்லை. இந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டாமெண்டு சொன்னவ."

மனைவியின் கோபத்தை அவர் சொன்ன விதத்துக்கு ஸுபைர் சிரித்தார்.

கிளிபோட்டின் இடது காது ஆகஸ்டிலிருந்து சரியில்லை. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். இந்த நாட்டில் சாரதி இருக்கை இடப் பக்கம் என்பதால் ஓட்டும்போது இடது காது யன்னல் பக்கம், பிள்ளைகளின் சத்தமெல்லாம் வலது பக்கம். அதனால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. இப்படி இன்னொருவரின் வாகனத்தில் பக்கத்தில் இருந்து போகும்போதுதான் கரைச்சல். அந்தக் காதுக்குள் எங்கோ ஒரு குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருப்பதுபோல ஒரு இரைச்சல். படுத்தாலும் நிற்காது.

வாரநாட்களில் பஸ், சனி ஞாயிறுகளில் விசில். இருபது வருடத்துக்கு மேலாக கிளிபோட் உதைபந்தாட்ட மத்தியஸ்தர். இப்போது ஐம்பத்தெட்டு வயதில் ஓட முழங்கால் விடுவதில்லை. ஆனாலும் ஆள் கிடைக்காத நாட்களில் அவரே ஓடுகிறார். ஆகஸ்டில் அப்படித்தான் ஸுபைர் பயிற்றுவிக்கும் பெடியள் விளையாடிய ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்குத் தனியே போனார். முடிய ஐந்தாறு நிமிடம் இருக்க அவர் கொடுத்த ஒரு தண்ட உதை, எதிர்க் கழகத்தின் ஒரு வளர்ந்த மனிதனுக்குப் பிடிக்கவில்லை. அவன் கத்தவில்லை, தள்ளவில்லை. நடந்து வந்து, விரித்த கையால் காதோடு சேர்த்து ஒரு அடி. கிளிபோட் புல்லில் விழுந்து கிடந்து மேலே பார்த்தபோது, ஸுபைர் அந்த ஆளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவார்போல நின்றது தெரிந்தது. இதே வானில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகும் வழியெல்லாம், தான் அடித்ததைப்போல ஸுபைர் மன்னிப்புக் கேட்டபடி வந்தார்.

ஏரியைச் சுற்றியிருக்கும் ஏழு சிறிய கல்லூரிகள் சேர்ந்து ஒரு விளையாட்டு ஒன்றியம் நடத்துகின்றன. அதில் பெண்களுக்கு உதைபந்தாட்டம் உண்டு, ஆண்களுக்கு இல்லை. தொடங்கிய காலத்தில் மைதானம் போதாதென்று ஆண்களுடையதை விட்டார்கள். விட்டது விட்டபடியே கிடந்தது. அந்தக் கல்லூரிகளில் ஒன்றில் ஆண்களைச் சேர்த்து ஒரு அணி கட்டிப் பயிற்சி கொடுத்து வருகிறார் ஸுபைர். சம்பளம் இல்லை. சுற்றுப்போட்டி இல்லை, கிண்ணம் இல்லை. வருகிறோம் என்று சொல்லும் எந்தக் கழகத்தோடும் விளையாடுவார்கள். ஆண்களின் ஆட்டத்தையும் ஒன்றியத்தில் சேர்க்கச் சொல்லி அவர் பல வருடம் அலைந்து கேட்டதற்கு, இன்றைக்குத்தான் வாக்கெடுப்பு. பெண்களின் ஆட்டங்களுக்கு மத்தியஸ்தர்களைப் பிரித்து அனுப்புகிறவர் கிளிபோட். ஆண்களுக்கும் ஆட்டத்துக்கு மூன்று பேர் வீதம் அனுப்ப ஏலுமா என்று வந்து சொல்லும்படி அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

போன கிழமை அவர் தன் ஆட்களுக்கெல்லாம் போன் எடுத்தார். பிரதீபா என்று ஒரு பிள்ளை. பகலில் பல் வைத்தியரிடம் வேலை. அவர் அனுப்புகிறவர்களில் அவளைப்போல ஆட்டத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவள் சொன்னாள், "அங்கிள், கேர்ள்ஸின்ர மச் எண்டா எப்பவும் வாறன். மென்ஸ் எண்டா எனக்கு விருப்பமில்லை." பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஆனா நீங்கள் கட்டாயம் வரச் சொன்னா வாறன்," என்றாள். மற்றவர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். நீங்கள் சொன்னால் வருகிறோம். போனை வைத்துவிட்டு அவர் குசினிக்குள் வெகுநேரம் இருந்தார். ஒருவராவது ஏலாது என்று திட்டமாகச் சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று பட்டது.

கூட்டம் றிச்மண்ட் ஹில்லில், ஒரு கல்லூரியின் மேல்மாடி அறையில். போகும் வழியில் ஸுபைர் தன் பேச்சை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார். முன்னால் போன பாரவண்டியைத் திட்டினார். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அது வற்புறுத்தலாகிவிடும் என்று நினைத்து அவர் வாயை அடக்கிக்கொண்டு வருவது கிளிபோட்டுக்கு விளங்கியது. கேட்டிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அணியிலிருந்து ஐந்தாறு பெடியள் பஸ் பிடித்து வந்து, ஸ்திரி போட்ட சேட்டுகளோடு பின்வரிசையில் இருந்தார்கள். ஸுபைர் நன்றாகப் பேசினார். இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டுப் பொதி விநியோகிக்கப் போன ஒரு பெடியனைப் பற்றிச் சொன்னார். சனிக்கிழமை ஆட்டம் இருந்திருந்தால் திங்கட்கிழமை வகுப்புக்கு வந்திருப்பான் என்றார். பேப்பரைப் பார்க்காமல் சொன்ன இடம் அது ஒன்றுதான். பெண்கள் அணியின் பயிற்றுவிப்பாளர் ஒருத்தி எழுந்து, ஆண்கள் வந்தால் தன் பிள்ளைகளுக்கு இப்போது கிடைக்கும் மத்தியான நேரம் போய், இருட்டும் நேரம் வருமா என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டு ஒன்றியத் தலைவி கிளிபோட் பக்கம் திரும்பினாள்.

கடினம்தான், ஆனால் முயற்சி செய்வோம். வீட்டில் முகம் மழிக்கும்போது அவர் கட்டி வைத்திருந்த வசனம் அதுதான். எழுந்து நின்றார். மேசையைச் சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் நல்ல முகங்கள். ஆம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்த முகங்கள். அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கால் உளைந்தது. இனி வரப்போகும் சனிக்கிழமைகள் முழுக்க ஒரே நேரத்தில் வந்து தோளில் ஏறியதைப்போல இருந்தது. மூன்று பேரைத் தர என்னால் ஏலாது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

முதல் வருடம் ஆட்டத்துக்கு ஒருவரோடு தொடங்கலாமே என்றார் ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பணிப்பாளர்.

"ஒராளைத் தனிய அனுப்ப மாட்டேன்," என்றார் கிளிபோட். தன் குரல் இவ்வளவு உறுதியாக வந்தது அவருக்கே புதினமாக இருந்தது.

ஏழு கல்லூரிகளில் ஐந்தின் வாக்கு வேண்டும். மூன்று கைகள் உயர்ந்தன. இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பார்ப்பதாக எழுதிக்கொண்டு அடுத்த விடயத்துக்குப் போனார்கள். அது பனிக்காலத்தில் கைப்பந்து மண்டபத்தின் வெப்பமூட்டி பற்றியது. வெளியே நடைபாதையில் பெடியளில் ஒருவன் கிளிபோட்டுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தாங்க்யூ ஃபோர் கமிங், சேர்," என்றான். அவன் கோபப்படுவான் என்று கிளிபோட் எதிர்பார்த்திருந்தார். அவன் உண்மையாகவே சொன்னான்.

பஸ்ஸில் போய்விடுகிறேன் என்று அவர் ஸுபைரிடம் சொன்னார்.

"என்ன கதை கதைக்கிறீங்கள்? ஏறுங்கோ அண்ணை."

ஸ்ரீல்ஸ் வீதியில் வாகனங்கள் அசையாமல் நின்றன. முன்னால் முழுக்கச் சிவப்பு விளக்குகள். ஸுபைர் றேடியோவைப் போட்டு, உடனே நிற்பாட்டினார். வாய் அசைவது தெரிந்து கிளிபோட் திரும்பினார்.

"நீங்கள் கட்டாயம் வரச் சொல்லியிருந்தா அவையள் வந்திருப்பினம்," என்றார் ஸுபைர் திரும்பவும். "பிரதீபா, மற்ற ஆக்கள், எல்லாரும். உங்களுக்காக வந்திருப்பினம்."

"ஓம். வந்திருப்பினம்."

"அப்ப ஏன்?"

கிளிபோட் வெளியே பார்த்தார். "நான் அப்பிடிச் சொல்ல விரும்பேல்லை, ஸுபைர். சொன்னா மாட்டமெண்டு மறுக்காதுகள். எனக்கு அடி விழேக்க நீர் ஓடிவந்தனீர். அதுகளுக்கு விழேக்க ஆர் ஓடிவருவினம் எண்டுதான் யோசிக்கிறன்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுவும் முழுக்க உண்மையில்லை. எனக்குக் களைச்சுப் போச்சு. அதுதான்."

வாகனங்கள் கொஞ்சம் நகர்ந்தன. "என்ர புள்ளையள் ஒருத்தருக்கும் கை ஓங்கினதில்லை, அண்ணை," என்றார் ஸுபைர், மெல்லமாக.

"தெரியும்."

"தெரிஞ்சுதானே சொன்னீங்கள்."

மேற்கே வெளிச்சம் இறங்கிவிட்டிருந்தது. ஸுபைர் கண்ணாடியைப் பார்த்துத் தடம் மாற்றி, "மஃரிப் தொழுகைக்கு நேரமாச்சு, வீடு போய்ச் சேருமட்டும் தாங்காது," என்று சொல்லி, ஒரு பூங்காவின் வாகனத் தரிப்பிடத்தில் வானை நிற்பாட்டினார். போத்தல் தண்ணீரில் கைகால் கழுவினார். குளிரில் அவர் பாதங்கள் சிவந்தன. பின்னாலிருந்து ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து எடுத்து, ஈரப் புல்லில் போட்டு, அதன்மேல் பாயை விரித்துத் தொழத் தொடங்கினார். அவருக்கு அப்பால் வலை கழற்றிய கோல் கம்பங்கள் இரண்டு நின்றன.

கிளிபோட் வானுக்குள் இருந்தபடி பார்த்தார். ஸுபைர் குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியை நிலத்தில் வைத்தார். அகலமான, வேலை செய்து வளைந்த முதுகு. அடுத்த ஞாயிறு பயிற்சி ஆட்டத்துக்கு இந்த மனிதர் தன்னைக் கூப்பிடுவாரா, கூப்பிட்டால் போவதா என்று யோசித்தார்.

அப்போதுதான் நாயைக் கண்டார். மைதானத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு பெண் கையில் நாய் கட்டும் வாரோடு நடந்து வந்தாள். வாரின் நுனியில் நாய் இல்லை. மண்ணிறத்தில் பெரிய நாய், புல்லை மணந்து மணந்து வந்தது, குனிந்திருந்த ஸுபைரைக் கண்டு நின்றது, பிறகு விளையாட வருவதுபோல ஓடி வரத் தொடங்கியது. தொழுகைக்குள் நாய் வந்து ஈரத்தோடு உரசினால் ஸுபைர் எல்லாம் கழுவித் திரும்பத் தொழ வேண்டிவரும் என்று கிளிபோட்டுக்குத் தெரியும். கதவைத் திறந்து இறங்கினார். முழங்கால் வலித்தது. ஓடினார், ஓட்டமென்று சொல்ல முடியாத ஒரு ஓட்டம். பாய்க்கும் நாய்க்கும் நடுவில் போய் நின்று, உள்ளங்கையை நீட்டிக் காட்டினார்.

நாய் சறுக்கி நின்றது. தலையைச் சரித்து அவர் கையைப் பார்த்தது. அந்தப் பெண் தூரத்திலிருந்து, அது ஒன்றும் செய்யாது என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டுச் சொன்னாள். கிளிபோட் கையை இறக்கவில்லை, பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நாய் ஈரப் புல்லில் மெதுவாகக் குந்தியது. அவரும் நாயுமாக இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். மூச்சு வெள்ளையாக எழுந்து எழுந்து கலைந்துகொண்டிருந்தது.