திறந்து வைத்த ஸ்கேன் அறை

முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கும் அதிகாரிக்கு அன்று காலை ஒரே கவலைதான். வந்திருக்கும் டாக்டரம்மா காத்திருப்போர் கூடத்தை எட்டிப் பார்த்துவிடக் கூடாது. அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. எடுத்த படத்தைப் பார்த்து உள்ளே என்ன கோளாறு என்று சொல்லத்தான் டாக்டர் இல்லை. நேர்காணலுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் காபியைக் குடித்துவிட்டு நழுவினார்கள். இந்த அம்மாவும் கைவிரித்தால் படப்பிரிவுக்குப் பூட்டுதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அதிகாரியின் கணவரும் சிப்பாய்தான். அவருடைய நெஞ்சுப் படம் யார் கண்ணிலும் படாமல் கணினியில் கிடந்தது. கடைசியில் ஒரு டாக்டர் அதைத் திறந்து பார்த்தபோது கணவர் உயிரோடு இல்லை. அதன் பிறகுதான் அவள் இந்த நாற்காலியைக் கேட்டு வாங்கினாள்.

"ஏம்மா, இந்த ஆஸ்பத்திரிக்கு முன்வாசல் கெடையாதா? திருடியக் கூட்டிட்டு வர மாதிரி பின்பக்கமா கூட்டிட்டு வர்றீங்க" என்றார் டாக்டரம்மா.

"குறுக்கு வழி டாக்டர். வெயில் படாது."

"சரி, பாக்காம கெடக்குற படம் எவ்வளவு இருக்கும்?"

"கொஞ்சந்தான். நீங்க உக்காந்தா ஒரே வாரத்துல முடிஞ்சிடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அவள் முன்னால் நடந்து வழி காட்டினாள்.

வராந்தாவின் முடிவில் புது ஸ்கேன் அறை. எப்போதும் பூட்டியிருக்க வேண்டிய கதவை அவள்தான் திறந்து வைக்கச் சொல்லியிருந்தாள். புது மெஷினைக் கண்டால் டாக்டர்கள் மனம் இளகும் என்பது அவள் கணக்கு. வாசலில் டெக்னீஷியன் நின்றான். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் தினமும் மடிப்புக் கலையாத சட்டையில் வருவதால் அவனை எல்லாரும் புதுமாப்பிள்ளை என்பார்கள்.

"வாங்க டாக்டர். இரும்பு எதுவும் இருந்தா வெளியவே வெச்சிடுங்க. உள்ள இருக்குற காந்தம் இழுத்துடும், அதுக்கு ராத்திரி பகல் கெடையாது. மெஷின் ஓடாட்டியும் அது முழிச்சுட்டேதான் இருக்கும், என் மாமியார் மாதிரி."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஆள் எடுக்கிற அம்மா யாரு?"

பீரங்கிப் படையில் இருந்ததால் அவருக்குப் பீரங்கி என்றே பேர் நிலைத்துவிட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். அந்தத் தொடைக்குள் பழைய குண்டுச் சிதறல்கள் இருப்பது ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். கையில் சலைன் மாட்டும் ஸ்டாண்ட்.

"அண்ணே, என்னண்ணே? உக்காருங்க, பேசலாம்" என்றாள் அதிகாரி.

"எந்தம்பி காலையில செத்துட்டான். தலையில கட்டியாம். படம் எடுத்து மாசக்கணக்கா ஆச்சாம். இப்பதான் பாத்தாங்களாம். இன்னும் என்னத்தப் பேச?"

அவள் வாய் திறப்பதற்குள் ஸ்டாண்ட் சுழன்றது. இரும்பு அடிப்பாகம் புதுமாப்பிள்ளையின் தாடையில் இறங்கியது. பச்சை மட்டை முறிவது போல ஒரு சத்தம். அவன் சுவரோடு சரிந்தான். பல்லும் ரத்தமும் சலவைச் சட்டையில் வழிந்தன. அடுத்த வீச்சு டாக்டரம்மாவின் நெற்றியை உரசிச் சென்று ஜன்னல் கண்ணாடியை நொறுக்கியது. அவர் கண்ணில் ரத்தம் இறங்க, எதிரே திறந்திருந்த ஒரே கதவுக்குள் பாய்ந்தார்.

"நகருங்க! அந்த மெஷின ஒடைக்கணும்! படம் எடுக்க மட்டும் தெரியுது, பாக்கத் துப்பில்ல!"

"உள்ள போவாதீங்கண்ணே! உங்க காலு, காலுல இரும்பு இருக்கு!" அதிகாரி அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். அவர் முழங்கையால் இடித்தார். அவளுக்கு மூச்சு நின்று போய், விலாவைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள்.

மெஷின் ஓடவில்லை, சத்தமும் இல்லை. அதனால் அது செத்துக் கிடக்கிறது என்று நினைத்தார் போல. ஓங்கிய ஸ்டாண்டோடு உள்ளே போனார். அடிப்பதற்கு அவருக்கு அவகாசமே கிடைக்கவில்லை. ஸ்டாண்ட் அவர் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பறந்து மெஷினின் வாயில் மோதியது. நடுவில் சிக்கிய முன்கை எலும்பு விரலளவுக்கு வெளியே வந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட கூச்சலில் எந்த வார்த்தையும் இல்லை. உள்ளிருந்து ஒருவன் கத்தியைத் திருகுவது போலக் கால் தானாகத் துடித்தது.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் காந்தம் சாகும்; ஆனால் மெஷினும் பல மாதம் முடங்கும். மெஷின் இல்லாத ஆஸ்பத்திரிக்கு எந்த டாக்டர் வருவார்? தட்டுத் தடுமாறி எழுந்த அதிகாரியின் கை பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. கொஞ்ச நேரம்தான் நின்றது. பீரங்கி இன்னொரு முறை அலறினார். அவள் முழு உள்ளங்கையால் அடித்தாள்.

கூரைக் குழாய் வழியாகப் புயல் போல வாயு இரைந்து வெளியேறியது. தரையெல்லாம் அதிர்ந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனதும் ஸ்டாண்ட் தொப்பென்று விழுந்தது, அதன் மேல் பீரங்கி விழுந்தார்.

டாக்டரம்மா மூலையிலிருந்து தவழ்ந்து வந்து அவர் தொடையைத் தொட்டார். அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. "எக்ஸ்ரே வண்டியத் தள்ளிட்டு வரச் சொல்லுங்க. ஓடுங்க!"

வண்டி வந்தது. படம் திரையில் எழுந்தது. டாக்டரம்மா ரத்தம் படிந்த கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு குனிந்தார். "இதப் பாருங்க, இந்தத் துண்டு நகர்ந்திருக்கு. பெரிய ரத்தக்குழாய் மேலயே ஒக்காந்திருக்கு." பிறகு திரும்பாமலே கேட்டார்: "கொஞ்சந்தான் பாக்கின்னு சொன்னீங்களே, அது பொய்தானே?"

"ஆமா டாக்டர். கூடம் நெறைய இருக்காங்க. உண்மையச் சொன்னா யாரும் நிக்கல."

"என்னடி பொம்பள நீ! என் மண்டைய ஒடைக்க வெச்சியே, பாவி!"

டாக்டரம்மா போய்விடுவார் என்று அதிகாரி நினைத்தாள். போகட்டும், போகிறவரைத் தடுக்க இனி என்ன முகம் இருக்கிறது? கீழே பீரங்கி "தம்பி, தம்பி" என்று முனகினார்.

டாக்டரம்மா மேஜைப் போனை எடுத்தார். "அறுவை சிகிச்சைப் பிரிவா? தொடையில உள்ளுக்குள்ள ரத்தக்கசிவு. டேபிள தயார் பண்ணுங்க, ஆள அனுப்புறோம். இன்னொருத்தருக்குத் தாடை ஒடஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் சந்தேகமாக ஏதோ கேட்டார்கள்.

"நானா? இங்க படம் பாக்க வந்திருக்கிற டாக்டர்" என்று அதட்டினார் அவர். "விவரமெல்லாம் அப்புறம் கேளுங்க. கத்திய எடுங்க மொதல்ல."