உள்பக்கம் பெய்யாத மழை

என் பெயர் பரத். வயது இருபத்தாறு. இருப்பது பெங்களூரு ஈஜிபுராவில், காந்தாம்மா காம்பவுண்டின் கீழ்த்தள ரூமில். தெருமுனை பிரவுசிங் சென்டரில் நான் சொல்லச் சொல்ல லாவண்யா டைப் அடிக்கிறார்.

"அண்ணா, மெதுவா! நீங்க கொட்டறத நான் எழுத்துத் தமிழா மாத்தி அடிக்கணும்ல?"

மெதுவாக வரமாட்டேன் என்கிறது. விஷயம் அப்படி.

ஆடிக்குத் தாய்வீடு போகும்போது என் மனைவி தாரணி சொல்லிவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியாது. எங்கள் ரூமுக்கு ஒரே ஜன்னல். அதை ஒட்டித்தான் குழாயடிக்குப் போகும் வழி. திறந்து வைத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்னம்மா, இன்னிக்கு ரசமா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். கர்ட்டனை இழுத்துவிட்டால் பட்டப்பகலிலும் டியூப்லைட் வேண்டும். அவளோ ரவிக்கைக்கு மணி கோக்கிறவள்.

"பகல்ல லைட் போடாம ஊசில நூல் கோக்க முடியணும். எவனும் எட்டிப் பாக்கக் கூடாது. ரெண்டும் இருந்தா இங்க இருக்கேன். இல்லன்னா ஆவணி பொறந்ததும் குடியாத்தத்துல உங்க அம்மா கூட இருந்து மெஷின் மிதிக்கிறேன். நீங்க வாராவாரம் பஸ் ஏறுங்க."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வீடு பார்க்கலாம் என்றால் எல்லா ரூமும் இதே கதைதான்.

போன வாரம் வாட்டர் ஃபில்டர் சர்வீஸுக்காக ரிச்சர்ட்ஸ் டவுனில் நோயல் சார் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. ஆனால் வெளிச்சம்! ஜன்னலுக்கு உள்பக்கம் மரக்கதவு. அதில் மெல்லிய பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவில் ஒரு குச்சி. அதை அசைத்தால் எல்லாப் பட்டையும் சேர்ந்து திரும்புகிறது. ஃபில்டரை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றேன்.

"என்ன தம்பி, ஷட்டர பாத்ததே இல்லையா?" என்றார் மௌரீன் ஆன்ட்டி, சாரின் மனைவி. தாரணி கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்: "நோயல்! கராஜுல ஒரு ஜோடி சும்மா கெடக்குதே, இந்தப் பையன் பொண்டாட்டிய திருப்பிக் கூட்டிட்டு வரணுமாம், குடுத்தனுப்பு!"

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். காம்பவுண்டே கூடிவிட்டது.

"ஷட்டர்னா கடைக்குப் போடறதில்லப்பா? வீட்டுக்கு எதுக்கு?" என்றார் வீட்டுக்கார காந்தாம்மா, கன்னடம் கலந்த தமிழில். "செவுத்த ஒடைக்கிறதெல்லாம் பேடா, வேணாம், சொல்லிட்டேன்."

"செவுத்த தொட மாட்டேம்மா. ஜன்னல் மரச் சட்டத்துலயே கீல் வெச்சுடலாம்."

பக்கத்து ரூம் ரங்காவுக்கு வேறு கவலை. "மச்சான், இது பங்களாக்காரன் சமாச்சாரம். ரெண்டடி ஜன்னலுக்கு எப்படிடா? உள்ள கரப்பான் குடும்பம் நடத்தும். ரூம் குகை ஆயிடும். காத்தும் வராது."

"கர்ட்டன விட காத்து வரும்டா!"

சண்டை போட்டபடியே அவன்தான் அறுத்து இழைத்து மாட்டிக் கொடுத்தான். பட்டையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே இல்லை. பெங்களூரு மழை. வெளிப்பக்கம் தாழ்வாக, ஓடு சரிவது போல. நானும் தலையாட்டிக் குச்சியை மேலே தள்ளிவிட்டேன்.

ரூம் குகை ஆகிவிட்டது.

"நான் சொல்லல?" என்றான் ரங்கா. அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு அவன் கல்யாணத்திலும் பார்க்கக் கிடைக்காது.

மறுநாள் காலை ஆவணி முதல் தேதி. ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். தாரணி ஒரே ஒரு பையோடு இறங்கினாள். ஒரே ஒரு பை! பார்த்துவிட்டுத் திரும்பிப் போகத்தானோ? வழியெல்லாம் ஷட்டரைப் பற்றிப் பேசினேன். இருட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ரூமுக்குள் வந்தாள். சுற்றிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து பையிலிருந்து ஊசியை எடுத்தாள். நூல் நுனியை நாக்கில் நனைத்தாள். கோக்கப் பார்த்தாள். தப்பியது. மறுபடியும் தப்பியது.

"ஏங்க, இது ஏன் தல குனிஞ்சு நிக்குது?"

"மழைக்கு, தாரணி. சாரல் உள்ள வரக் கூடாதுல்ல."

"இதுக்கு வெளிய என்ன இருக்கு?"

"கம்பி."

"அதுக்கு வெளிய?"

"கண்ணாடிக் கதவு. மழை வந்தா மூடிடுவோம்."

"மழை கண்ணாடியத் தாண்டி வந்து உங்க பட்டைய நனைக்குமா?"

வெளியே மாட்டும் பலகைக்குரிய சரிவை உள்ளே மாட்டியதற்கு வைத்துவிட்டு, ஒரு காம்பவுண்டே அதைச் சரியென்று சொல்லியிருக்கிறது!

அவள் எழுந்து குச்சியைக் கீழே இழுத்தாள். பட்டைகள் எல்லாம் ஒன்றாக வானத்தைப் பார்த்தன. வெளிச்சம் சரிந்து வந்து நேராகப் பாயில் விழுந்தது. அவள் உட்கார்ந்தாள். ஒரே முறை. நூல் உள்ளே போய்விட்டது.

நான் வெளியே பாய்ந்து ரங்காவை இழுத்து வந்து ஜன்னல் முன்னால் நிறுத்தினேன். "டேய், என்ன தெரியுது?"

அவன் குனிந்தான், எம்பினான், கண்ணைச் சுருக்கினான். "ஒண்ணும் தெரியலடா. மரந்தான் தெரியுது. ஆனா தங்கச்சி உன்ன லூசுன்னு சொன்னது மட்டும் நல்லாக் கேட்டுச்சு."

உள்ளே தாரணி சிரிப்பது வழி முழுக்கக் கேட்டது. ஷட்டர் சத்தத்தைத் தடுக்காது போலிருக்கிறது. பரவாயில்லை!

அவள் இங்கேயேதான் இருக்கப் போகிறாள். அவளே சொல்லிவிட்டாள். இருட்டு ரூமுக்கு எதற்கு என்று அம்மா நிறுத்தி வைத்த தையல் மெஷின் குடியாத்தத்தில்தான் இருக்கிறது. குடியாத்தத்தில் இதை முதலில் படிப்பவர் யாராக இருந்தாலும் அம்மாவிடம் சொல்லி, அதைப் பெங்களூரு லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.