ராணி, ஆறு, நாலு, கலாஸ்

வளைகுடாவுக்கு வந்து பதினோரு வருஷமாகியும் சேதுமாதவன் அரபியில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல். கலாஸ். முடிந்தது என்று அர்த்தம். ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அவர் கெமிஸ்ட். மாதிரியைச் சோதித்து முடித்தால் கலாஸ். டீக்குச் சர்க்கரை போதுமென்றால் கலாஸ். இந்தச் சரக்கு தேறாது, கொண்டுபோய்க் கொட்டு என்றாலும் கலாஸ். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் மனைவி வசந்தகுமாரிக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. பிரசவத்துக்காகப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து போனில், "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்பாள். "கலாஸ்" என்பார். "கரண்ட் பில்லு கட்டியாச்சுங்களா?" "கலாஸ் அம்மணி." ஆக, கலாஸ் என்றால் காரியம் நல்லபடியாக ஆகிவிட்டது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவள் மீது தப்புச் சொல்ல முடியாது. தேறாத சரக்கைப் பற்றி அவர் வீட்டில் பேசியதில்லை.

இது இரண்டாவது பிரசவம். முதல் பெண் இளவேனில் பிறந்தபோது சேதுமாதவன் இங்கே தூசி குடித்துக்கொண்டிருந்தார். ஏழு மாதம் கழித்துப் போய்க் கையை நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டதில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அழுகை அவர் காதை விட்டு இன்னும் போகவில்லை. இந்தத் தடவை பிள்ளை கண் திறக்கும்போது தான் எதிரே நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. அது அவ்வளவு பெரிய ஆசையா என்றால், கம்பெனியைக் கேட்டால் ஆமாம் என்று சொல்லும்.

ஏனென்றால் ஜூன் மாதம் சூளை நிறுத்தம். வருஷத்துக்கு ஒருமுறை சூளையை அணைத்துப் பழுது பார்ப்பார்கள். அப்போது ஒருவருக்கும் லீவு கிடையாது. பிள்ளை பிறக்க டாக்டர் கொடுத்திருந்த நாளும் அதற்குள்தான் விழுந்தது. சேதுமாதவன் மனுக் கொடுத்தார். ஜி.எம். வாட்கின்ஸ் துரை மிகுந்த மனிதாபிமானி. ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர் மனம் புண்படும் என்று பாவம் ராத்தூக்கம் கெட்டு யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தார். ஆண்டு விருந்தில் 'கேசினோ நைட்'. பணம் கிடையாது, அது இந்த ஊரில் குற்றம். வெறும் பிளாஸ்டிக் வில்லைகள், வெறும் புள்ளிகள். அதிகப் புள்ளி எடுப்பவருக்குச் சூளை நிறுத்தத்தின்போது பத்து நாள் லீவு பரிசு. ஒரு மனுஷன் தன் பிள்ளையைப் பார்க்கலாமா கூடாதா என்பதைச் சீட்டுக்கட்டிடம் விட்டுவிட்டுத் துரை நிம்மதியாகத் தூங்கினார்.

சேதுமாதவன் அசரவில்லை. ஆட்டம் த்ரீ கார்டு போக்கர் என்று தெரிந்ததும் இன்டர்நெட்டில் உட்கார்ந்து கரைத்துக் குடித்தார். குடித்ததோடு நில்லாமல் கேன்டீனில் எல்லோருக்கும் வகுப்பும் எடுத்தார். பேக்கிங் பிரிவு அருள்ராஜ்தான் முதல் பெஞ்ச். தூத்துக்குடிக்காரன், கல்யாணம் ஆகாதவன், லீவு கிடைத்தால் நண்பர்களோடு கொடைக்கானல் போகிற உத்தேசத்தில் இருந்தான்.

"நம்ம ஊரு மூணு சீட்டு மாதிரிதாங்க, ஆனா அது இல்லீங்க," என்று ஆரம்பித்தார் சேதுமாதவன். "இங்க பக்கத்துல இருக்கறவன் உனக்கு எதிரி இல்ல. எதிரி சீட்டுப் போடற டீலர் ஒருத்திதான். முதல்ல ஒரு பந்தயம் வைக்கோணும். மூணு சீட்டு வரும். பார்த்துட்டு, வேண்டாம்னா சீட்டைக் கவுத்தியே தள்ளிவிடு, வெச்சது போச்சு. வேணும்னா அதே அளவு இன்னொரு பந்தயம் வை. டீலருக்கு ராணியாவது வரோணும். வரலேன்னா அவ ஆட்டத்துலயே இல்ல, உன்ர முதல் பந்தயத்துக்கு மட்டும் கெடைக்கும். வந்துச்சுன்னா யாரு பெருசோ அவங்களுக்கு ரெண்டும்."

"சும்மா ரெண்டாவதையும் வச்சு ஒரு மெரட்டு மெரட்டினா டீலர் பயந்துருவாளா, அண்ணே?"

சேதுமாதவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பரிதாபமே வந்துவிட்டது. "தம்பி, அவளுக்குச் சீட்டைத் தள்ளிட்டு மடங்கறதுக்கு வழியே இல்ல. கைல ஒண்ணுமில்லாம மெரட்டறவன் சொவத்தைப் பார்த்துக் கொரைக்கிறான். ராணி, ஆறு, நாலு. அதுக்கு மேல இருந்தா ஆடு, கீழ இருந்தா தள்ளிவிடு. கணக்கு அவ்வளவுதான். அதுலயும் நூத்துக்கு மூணு சொச்சம் மேசைக்குத்தான் போகும். கணக்கில்லாம ஆடினா இன்னும் வேகமாப் போகும்."

கடைசியாக, எழுந்து நின்று, ஆள்காட்டி விரலை உயர்த்தி ஒரு விதி சொன்னார். தள்ளிய சீட்டு கழிவுக் கட்டில் கலந்துவிட்டால் அது செத்த சீட்டு. சாமியே வந்து சாட்சி சொன்னாலும் உயிர் வராது.

விருந்து நாள் வந்தது. கடற்கரை ஹோட்டல் ஒன்றின் கூடத்தில் பச்சைத் துணி போட்ட மேசைகள். துபாயிலிருந்து வாடகைக்கு வந்த டீலர்களில் இவர்கள் மேசைக்கு வாய்த்தவள் மேரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண். முன்னே கப்பலில் சீட்டுப் போட்டவளாம். முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுகடுப்பும் இல்லை. சேதுமாதவன் சட்டையை இஸ்திரி போட்டு, நெற்றியில் திருநீறு இட்டு, ஏதோ ஜாதகம் பார்க்கப் போகிறவரைப் போல எதிரே உட்கார்ந்தார்.

அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் கொட்டாவி வந்தது. ராணி, ஐந்து, மூன்று. "கலாஸ்" என்று சொல்லிச் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினார். ஜாக், ஒன்பது, எட்டு. "கலாஸ்." பத்து, ஏழு, இரண்டு. "கலாஸ்." முதலில் மேரிசெல் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். போகப்போகப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். கலாஸ் என்ற சத்தம் வந்ததும் அவள் கை தானாக நீண்டு சீட்டை வாரிக் கழிவுக் கட்டில் போட்டது. ஒரு மாலைப்பொழுதுக்குள் அவளுக்கு அவர் அரபி கற்றுக் கொடுத்துவிட்டார்.

அருள்ராஜ் எதையும் தள்ளவில்லை. வந்ததையெல்லாம் ஆடினான். சீட்டைத் திருப்பிப் பார்க்காமலே கூட ஆடினான். வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த லட்சணம் அது. அவன் வில்லைகள் ஏறின, சரிந்தன, மறுபடி ஏறின. கணக்கைக் கைக்குழந்தை போல இடுப்பில் தூக்கி வைத்திருந்த சேதுமாதவனும், கணக்கென்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற அருள்ராஜும் கடைசிச் சுற்றில் கிட்டத்தட்டச் சமமாக நின்றார்கள். அருள்ராஜ் ஒரு பிடி முன்னால். மற்றவர்கள் எப்போதோ காலியாகிப் பிரியாணிப் பக்கம் போய்விட்டார்கள்.

வாட்கின்ஸ் துரை வந்து பின்னால் நின்றார். சேதுமாதவன் தன் வில்லைகளில் பாதியை முதல் பந்தயமாக வைத்தார். மீதிப் பாதி இரண்டாவது பந்தயத்துக்கு. சீட்டு வந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

ஆர்ட்டின் ஒன்பது. ஆர்ட்டின் பத்து. ஆர்ட்டின் ஜாக்.

ஒரே சாதியில் வரிசையாக மூன்று. நானூற்று அறுபது கைக்கு ஒருமுறைதான் வரும் என்று அவரே கேன்டீனில் சொல்லியிருந்தார். இந்த ஆட்டத்தில் இதற்கு மேல் ஒரு இனமே கிடையாது. டீலரிடம் என்ன இருந்தாலும், இல்லாவிட்டாலும், இதற்குத் தனி வெகுமதியே உண்டு. சேதுமாதவனுக்குக் கண் கலங்கியது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வராந்தா தெரிந்தது. துணியில் சுற்றிய ஒரு சின்ன முகம் தெரிந்தது. வீறிடாத முகம். பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவரிடம் இருந்ததும் அந்த ஒரு சொல்தான்.

"கலாஸ்!" என்று கத்தி, சீட்டை மேசையில் ஓங்கி அடித்தார்.

கவிழ்த்துத்தான் அடித்தார். இரண்டாவது பந்தயத்தை இன்னும் வைக்கவில்லை. மேரிசெல்லின் கை நீண்டது, வாரியது, கழிவுக் கட்டில் சொருகியது. முதல் பந்தய வில்லைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

"நோ! நோ! மை கார்டு!"

"சார், யூ செட் கலாஸ்," என்றாள் மேரிசெல், கப்பலில் கற்ற பொறுமையோடு.

"தட் கலாஸ் நோ! திஸ் கலாஸ் வேற கலாஸ்!"

சத்தம் கேட்டுப் பிரியாணியை விட்டுவிட்டு வந்து கூடியவர்களைத் துரை பார்த்தார். மலையாளி, பட்டாணியர், எகிப்துக்காரர், வங்காளி எல்லோரும் நின்றார்கள். சம்பள நாள் முதல் சாம்பார் வரை எதிலும் ஒத்துப்போகாத கூட்டம் அன்று ஒரே குரலில் சொன்னது: கலாஸ் என்றால் முடிந்தது. அருள்ராஜ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்: "செத்த சீட்டுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீக?" அவன் கையில் பத்து, ஏழு, மூன்று. அதையும் ஆடியிருந்தான். டீலருக்கு ராணி வரவில்லை. அருள்ராஜ் ஜெயித்தான், கொடைக்கானலும் ஜெயித்தது. துரை கை தட்டினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பகாலா என்கிற பலசரக்குக் கடை வாசலில் டெலிபோன் பூத்தில் நின்று சேதுமாதவன் பொள்ளாச்சிக்குப் போட்டார். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தார்: லீவு கிடைக்கவில்லை, மன்னித்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏனுங்க, லீவு என்னாச்சுங்?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. அழுகைதான் வந்தது. அழுகையை முழுங்கிக்கொண்டு, எல்லாம் போய்விட்டது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"கலாஸ், அம்மணி."

"அய்யோ சாமி!" என்று அவள் கத்தியது பகாலாக்காரருக்கே கேட்டிருக்கும். "அம்மா, கெடைச்சிருச்சாமா! இளவேனிலு, அப்பா வர்றாராம்!"

"இல்ல, இரு, அந்தக் கலாஸ் இல்ல..." கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது.

உள்ளே ஓடிப் புதுக் கார்டு வாங்கினார். நம்பரைச் சுரண்டி மறுபடியும் போட்டார். இந்த முறை எடுத்தது இளவேனில். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம், யாரோ பலகாரம் பற்றிப் பேசுகிற சத்தம்.

"அப்பா, கலாஸா?"

சேதுமாதவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். தூரத்தில் ஆலையின் புகைபோக்கி, அதன் அடியில் துரையின் ஆபீஸ். அங்கே மேரிசெல்லைப் போலவே மடங்க வழியில்லாத ஒரு மனுஷன் நாளைக் காலை உட்கார்ந்திருப்பார்; அவரிடம் போய் மறுபடியும் லீவு கேட்டாக வேண்டும். தன் கையில் ராணி இல்லை, ஆறு இல்லை, நாலு இல்லை. இப்படிப்பட்ட கையைச் சேதுமாதவன் ஒருநாளும் ஆடியதில்லை.

"ஆமாங் கண்ணு," என்றார். "கலாஸ்."