பல் டாக்டர் சுவர் கட்டப் போகிறார்

...பச்சை ஸ்டிக்கர் என்றால் கூடக் கொண்டுபோவது, நீலம் என்றால் யாருக்காவது கொடுத்துவிடுவது, சிவப்பு என்றால் அவள் வீட்டில் வைத்துவிட்டுப் போவது, இப்படித்தானே காலையில் அக்காவும் அத்தானும் பேசிக்கொண்டார்கள், பிறகு மூன்று மணிக்குள் சிவப்பு மட்டும் எப்படித் தீர்ந்துபோயிற்று? சோபாவுக்கு ஒன்று, வாஷிங் மெஷினுக்கு ஒன்று, காபி மெஷினுக்கு ஒன்று, அக்காவின் கண்ணாடிக் கிண்ணங்கள் மட்டும் ஆறு பெட்டி... எண்ணாமல் இருக்க அவளால் முடியாது, பள்ளிக்கூட நாளிலிருந்தே எதைக் கண்டாலும் அளப்பாள், எண்ணுவாள், அதனால்தான் வீட்டில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். சிவப்பு முப்பத்தெட்டு, பச்சை பதினொன்று, நீலம் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று கைப்பிடி உடைந்த குடை. எல்லாத்தையும் விட்டுட்டுப் போறாங்களே என்று பாடகர் குழு அம்மா போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆமாம், விட்டுவிட்டுத்தான் போகிறார்கள், கொழுந்தியாளான அவளுடைய மாடியறையில், மேலே போர்வை போட்டு மூடி, எலி கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு. தியாகத்துக்கு இவ்வளவு பெரிய கிடங்கு தேவைப்படும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

அக்கா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் கண்ணாடி முன்னால் நின்று புது மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் வைத்து இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பல் டாக்டர். இருபது வருஷமாக மற்றவர்களை வாயைத் திறக்கச் சொன்னதைத் தவிர வேறு எதையும் திறக்காதவர், ஆணி அடித்தால் விரலில்தான் அடிப்பார், இவர் போய் ஆலயத்தை எடுத்துக் கட்டப்போகிறாராம். கடலோரத்தில், புயலில் பாதிக் கூரை போய், ஒன்பது பேர் மட்டும் மிச்சமிருக்கிற சபை, தங்கப்போகும் வீட்டிலிருந்து கழிப்பறைக்கு முப்பதடி நடக்கவேண்டும், அங்கே இரண்டு வருஷம். "எப்படி இருக்கு ஸ்கேலு?" என்றார். "தலையில நிக்குது அத்தான், சுவர் நிக்குமான்னுதான் தெரியல." உள்ளேயிருந்து அக்கா, "அவரை ஏன்டி வம்புக்கு இழுக்குற? மனசு இருக்குல்ல அவருக்கு?" "மனசை வச்சுக் கூரை போட முடியாதுக்கா." அத்தானுக்குக் கோபம் வரவில்லை, இந்த மனுஷனுக்குக் கோபமே வராது, அதுவே ஒரு எரிச்சல். "பல்லும் சுவரும் ஒண்ணுதாம்மா, கெட்டதைச் சுரண்டி எடுத்துட்டு, நல்லதைத் தொடாம, அடைச்சிட வேண்டியதுதான்" என்றார். சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் உறைத்தது, அவள் அலுவலகத்தில் பெரிய பொறியாளர் ஏழு வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்வதும் இதைத்தானே... ஆனால் எது கெட்டது, எது நல்லது என்று இவருக்கு எப்படித் தெரியும்? சாய்ந்த சுவர் மேல் புதுக் கூரையை ஏற்றிவிட்டு, ஸ்தோத்திரம் என்று அதன் கீழே ஒன்பது பேரையும் உட்காரவைத்துவிடுவாரே.

அது தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் போதகர் முதலில் அவளைக் கூப்பிட்டார். பழைய கட்டடம் தாங்குமா தாங்காதா என்று பார்த்துச் சொல்வதுதானே அவள் வேலை. மூன்று மாதத்துக்கு முன், போதகரின் அறையில், அந்த ஆடுகிற நாற்காலியில். "ஆறு மாசம் போதும்மா, சுவரைப் பார்க்கத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்." ஜெபிச்சுட்டுச் சொல்றேன் ஐயா, என்றாள். எவ்வளவு நல்ல வாக்கியம், யாரும் மறுத்துப் பேச முடியாத வாக்கியம், இந்தச் சபையில் பாதிப் பேர் இந்த வாக்கியத்துக்குள்தான் குடியிருக்கிறார்கள்! ஜெபித்தாளா? ஒருநாளாவது? முழங்காலில் நின்றதென்னவோ உண்மை, ஆனால் அப்போது மனசில் வந்ததெல்லாம் அலுவலகத்தில் ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த ஜன்னலோர மேசை. அவள் போனால் மறுநாளே அதில் புதுப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை வைப்பாள். ஒரு மேசை. முப்பத்தெட்டுக்கு எதிரே ஒன்று, கணக்கில் அவள்தானே தேவலை... இல்லையா? போதகர் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை, நேற்று வாசலில் மட்டும், வண்டி திங்கட்கிழமை காலைல கிளம்புதும்மா, அதுவரைக்கும் உன் பதிலுக்கு இடம் வச்சிருக்கேன், என்றார். இன்று சனிக்கிழமை.

"இதை எப்படிப் பிடிக்கணும்?" அத்தானின் கையில் அவளுடைய தூக்குக்குண்டு. அவள் பையிலிருந்து எடுத்திருக்கிறார், நூலை ஏற்கெனவே சிக்கலாக்கியாயிற்று. பிடுங்கி, சிக்கெடுத்து, அலமாரியை நகர்த்திய இடத்தில் வெறுமையாக நின்ற சுவரோரம் முக்காலி போட்டு ஏறினாள். மேலே நூலைப் பிடிக்கணும் அத்தான், குண்டு ஆடி ஆடித் தானா நிக்கும், நின்ன பிறகு மேலயும் கீழயும் சுவருக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளின்னு அளக்கணும், ரெண்டும் ஒண்ணா இல்லன்னா சுவர் சாய்ஞ்சிருக்கு. அவர் ஹெல்மெட்டோடு தரையில் மண்டியிட்டு, அளவு நாடாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். குண்டையே பார்த்தபடி சொன்னார், "போதகர் முதல்ல உன்னைத்தான் கேட்டாராமே." ம். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்னியாம்." ம். "நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், வாய் முந்திக்கிட்டுச் சரின்னுடுச்சு. அன்னைல இருந்து பயந்தான் ஸ்கேலு. அதான் அத்தனை சிவப்பு. தோத்துத் திரும்பி வந்தா உட்கார ஒரு சோபாவாவது வேணுமில்ல?"

மூன்று மாதமாகச் சேர்த்துவைத்த இளக்காரம் முழுவதையும் இந்த மனுஷன் தானே எடுத்துத் தன் தலையில் கொட்டிக்கொண்டால், அவளுக்கு மிச்சம் என்ன?... "இன்னும் நிக்கலையே" என்றார். மின்விசிறி நின்றிருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது. குண்டு ஆடிக்கொண்டே இருந்தது. இன்னொரு கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள், அப்போதும் ஆடியது.

"ஏய், அந்தக் குண்டுக்கு என்ன கலர்டி ஒட்டணும்?" என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். "உன்னோடதுதானே, உன் வீட்டுலயே இருக்கட்டுமா?" சிவப்புத்தான் தீர்ந்துபோச்சேக்கா, என்றாள். சொன்ன பிறகுதான் அது பதில் இல்லை என்று தெரிந்தது. கூடக் கொண்டுபோவதற்கான பச்சை ஸ்டிக்கர் தாள் முக்காலிக்குப் பக்கத்திலேயே கிடந்தது, அதில் எத்தனை மிச்சம் என்று அவள் எண்ணவில்லை.