கம்பி இல்லாமல் போன ஜப்பான்காரி

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிட்டார். வீட்டுக்காக அடித்துக்கொண்டவர்கள் உண்டு, நகைக்காகக் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் உண்டு. இவர்கள் அந்த ரகமில்லை. அம்மா போனதும் வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டபோது ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. ஆனால் கிட்டாரை எங்கே போய் இரண்டாக அறுப்பது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேரும் சம்பளத்தைக் கொட்டி, ஒரு கப்பல் சமையல்காரரிடம் வாங்கியது அது. எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. வட்டத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருக்கும் கடைசிவரை தெரியாது. முகப்புப் பலகை வயசாகித் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. சட்டென்று வாய் திறக்கிற வாத்தியம் இல்லை. கொஞ்ச நேரம் வாசித்துச் சூடேற்றினால்தான் அடிக்கம்பி வயிற்றிலிருந்து பேசும். மூன்றாம் கட்டையில் அசட்டையாக விரல் வைத்தால் கறகறவென்று முறைத்துக்கொள்ளும். அதனாலேயே அதற்கு ஜப்பான்காரி என்று பெயர். இரண்டு பேர் பெண்டாட்டிகளும் அதை மூத்தாள் என்றுதான் சொல்வார்கள்.

அண்ணன்காரன் பெரிய தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். தம்பிக்காரன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேருமே வாசிப்பார்கள் என்றாலும், ஒரு காலத்தில் அண்ணன் பாட, தம்பி வாசிக்க, மேடை மேடையாக ஏறினார்கள். ஒரு மேடையில், பாட்டு நடுவில், அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினான். "போய் முதல்ல சுருதி சேத்துட்டு வாடா" என்றான், மைக்கிலேயே. சபை சிரித்தது. தம்பியின் மாமனார் வீட்டு ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். ஒரு வார்த்தை, "தப்புடா, சொல்லியிருக்கக் கூடாது" என்று ஒரே ஒரு வார்த்தை அண்ணன் சொல்லியிருந்தால் தம்பி அன்று ராத்திரியே மறந்திருப்பான். அவன் சொல்லவில்லை. இவனும் விடவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒரு தாய் பிள்ளைகள்தானே.

அண்ணிதான் நடுவில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்தாள். ஆளுக்கு ஆறு மாதம். அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள், போவாள். யாரும் சொல்லாமலே அதில் ஒரு முறை உண்டாயிற்று: அனுப்புகிறவர் புதுக் கம்பி போட்டுத்தான் அனுப்ப வேண்டும். மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான். பெட்டியைத் திறந்தால் தையற்கடைச் சாக்கட்டி வாசனை அடிக்கும். கம்பியின் மிச்ச நுனியை அண்ணன் வெட்டமாட்டான், மோதிரம் மாதிரி சுருட்டி விடுவான். தம்பி ஒட்ட நறுக்குகிற ஆள். சுருளைப் பார்த்ததும், "மனுஷன் நல்லாத்தான் இருக்கான்" என்று தம்பிக்காரனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். அதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு தடவை அண்ணி பெட்டியைக் கொண்டுவந்தபோது வழக்கத்தைவிட நேரம் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போகும் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள். "வேற ஒண்ணும் கேக்கலையா தம்பி?" என்றாள் எழுந்திருக்கும்போது. "கேக்க என்ன இருக்கு அண்ணி?" என்றான் இவன். அவள் போய்விட்டாள்.

பெட்டியைத் திறந்தவனுக்கு முகம் சிவந்தது. ஒரு சுருளும் இல்லை. எல்லா நுனியும் ஒட்ட நறுக்கியிருந்தது. இவன் போட்டனுப்பிய அதே கம்பிகள். துரு ஏறியிருந்ததே தவிர, விரல் பட்ட கறுப்புக்கூட இல்லை. ஆறு மாதம் வைத்திருந்து தொடவும் இல்லை, மாற்றவும் இல்லை.

"பாத்தியா திமிரை?" என்றான் பெண்டாட்டியிடம். "நான் போட்ட கம்பியையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கான். உன் கம்பியும் வேணாம், நீயும் வேணாம்னு அர்த்தம்."

"ஒருவேளை உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ. ஒரு போன் போட்டுத்தான் கேளுங்களேன்."

"நான் போடறதா? செத்தாலும் போடமாட்டேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அந்த ஆறு மாதமும் ஜப்பான்காரியை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாசித்ததைவிடக் கறுவியதுதான் அதிகம். முறை முடிந்து அண்ணி வந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு கம்பிகளையும் கழற்றினான். மொட்டை மரமாகப் பெட்டியில் வைத்து மூடினான்.

"முறை தெரியாத ஆளுக்குக் கம்பி எதுக்கு, மரமே போதும்னு நான் சொன்னதா சொல்லுங்க."

அண்ணி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அதற்குச் சில வாரம் கழித்து, ஒரு கடைக் கட்டிடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனது என்று கூப்பிட்டார்கள். இவன் லிஃப்ட் கூண்டின் மேல் குந்தி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். மேல் மாடியில் வாத்தியக் கடை வைத்திருப்பவர் திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தார். கம்பி வாங்க வருகிற இரண்டு பேரையும் அவருக்கு நெடுநாளாகத் தெரியும்.

"என்னப்பா, மாஸ்டருக்குக் கை ஏதாவது தேவலையா?"

இவன் டார்ச்சை எடுத்தான். "எந்தக் கை?"

"இடது கைதான். வாதம் வந்து விழுந்துச்சே, போன வருஷம். கடையைக்கூட விட்டுட்டாராமே. உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினான். வேறென்ன செய்வது? கூடப் பிறந்தவன் கை விழுந்து ஒரு வருஷம் ஆகிறது என்பதை லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து அடுத்தவர் வாயால் கேட்டவன் எந்த முகத்தோடு தெரியாது என்பான். எண்ணெய் டப்பா நழுவி இருட்டுக்குள் விழுந்தது. வேலையைக் கூட வந்தவரிடம் விட்டுவிட்டு, கை கழுவக்கூட நிற்காமல் கிளம்பினான். காலில் விழுந்தாவது நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் மனசில் இருந்தது.

அண்ணன்காரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். இடது கை தலையணை மேல், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் ஜப்பான்காரி, கம்பியில்லாமல். வலது கை அதன் முகப்பைத் தடவிக்கொண்டிருந்தது. தம்பியைப் பார்த்ததும் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

"வந்துட்டியாடா. வருவேன்னு தெரியும்." பேச்சு குழறியது. "தானாடாவிட்டாலும் தசையாடும்னு சும்மாவா சொன்னாங்க."

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன், உக்காரு." மூச்சு வாங்கிக்கொண்டான். "கை போனதுக்கப்புறம் இதைப் பெட்டியில பாக்கறப்பல்லாம் எனக்கு உயிர் போகும்டா. கம்பி கூப்பிடற மாதிரியே இருக்கும். உனக்குத் தெரியக் கூடாதுன்னு உங்க அண்ணிகிட்ட சத்தியம் வாங்கினேன். நீ பரிதாபப்பட்டா தாங்கமாட்டேன். ஆனா நீ கம்பியைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டே. ஒரு வார்த்தை கேக்காம, குத்திக் காட்டாம, அண்ணன் பாத்துப் பாத்து ஏங்கக் கூடாதுன்னு கழட்டி அனுப்பினே பாரு. அன்னைக்குப் பெட்டியைத் திறந்து அழுதேன்டா."

தம்பிக்காரன் திரும்பி அண்ணியைப் பார்த்தான். அவள் சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு மேடையில நான் பண்ணினது தப்பு" என்றான் அண்ணன்காரன். "சபையில உன்னைச் சிறுமைப்படுத்தினேன். அப்பவே தெரியும், சொல்ல வாய் வரல. இவ்வளவு பெரிய மனசுக்காரனைப் போய்ப் பேசிட்டேனே. மன்னிச்சுக்கோடா."

இத்தனை வருஷம் எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தானோ அந்த வார்த்தை. அது வந்ததோ அவன் செய்யாத ஒரு நல்லதுக்கு. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "விடுங்கண்ணே" என்றுதான் வந்தது.

"இனிமே ஆறு மாசக் கணக்கெல்லாம் வேணாம். நீயே வச்சுக்கோ. கம்பி போட்டு உன் வீட்ல வாசி. இங்க வாசிக்காத, என்னால கேக்க முடியாது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன் பின்னாலேயே அண்ணி வந்தாள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க சொல்லி அனுப்பினதை நான் சொல்லல தம்பி. பெட்டியைத் திறந்து அவர் முகம் போன போக்கைப் பாத்தேன். நீங்க பாத்து ஏங்கக் கூடாதுன்னுதான் தம்பி கழட்டினார்னு வாயில வந்ததைச் சொன்னேன்."

"நான் அவர்கிட்ட உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும் அண்ணி. இல்லேன்னா என்னால சோறு திங்க முடியாது."

"கேட்டா உங்க மனசு ஆறிடும்" என்றாள் அண்ணி. "அவருக்கு என்ன மிஞ்சும்?"

அவன் பெட்டியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

அடுத்த வாரமும் போனான். தையற்கடையில் அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர் பார்க்க வந்திருந்தார். "இவன்தான் சார் என் தம்பி" என்று அண்ணன்காரன் கம்பியைக் கழற்றி அனுப்பிய கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான். குழறிக் குழறி, ஒன்று விடாமல் சொன்னான். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பியா" என்றார். தம்பிக்காரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கேட்ட இடத்திலெல்லாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.